முன் இடது சக்கரம்

திங்கட்கிழமை முப்பத்திரண்டு. புதன்கிழமை இருபத்தேழு. வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு. என் காரின் முன் இடது சக்கரத்தில் இருந்த காற்றின் அளவு இது. மற்ற மூன்று சக்கரங்களும் பிடித்த காற்றைப் பத்திரமாக வைத்திருக்க, இது ஒன்று மட்டும் நாளுக்கு இரண்டு, மூன்று என்று இறங்கிக்கொண்டே இருந்தது. நான் இயற்பியல் டீச்சர். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். எனக்கே இந்தக் கதி.

வீடு வில்லாபுரத்தில். பள்ளிக்கூடம் பேரையூரைத் தாண்டி ஒரு கிராமத்தில். போக ஐம்பத்தைந்து கிலோமீட்டர், வர ஐம்பத்தைந்து. பஸ்ஸில் போய்வந்த காலத்தில் நாலரை மணி வண்டியைப் பிடிக்க, கடைசி மணி அடிக்கும் முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பேன். நாற்பத்தாறு வயதில் பிடிவாதமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகுதான் ஆறு மணி வரை இருந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு மாலை வகுப்பு எடுக்க முடிந்தது. பத்தொன்பது பேர் உட்காருகிறார்கள். அதில் பதினொரு பேர் பெண் பிள்ளைகள். என் வாழ்க்கையில் நானாக ஆரம்பித்து நானாக நடத்துகிற ஒரே காரியம் அது.

என் கணவர் சௌரிராஜனுக்கு இந்தக் கார் ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை. தெற்கு மாசி வீதிப் பக்கம் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறார். நல்ல மனிதர், சத்தம் போடமாட்டார். சத்தம் போடாமலே நினைத்ததைச் சாதிப்பார். எனக்கோ வாய்தான் முதலில் திறக்கும். ஜூன் மாதம் ஒருநாள் கள்ளுப்பட்டி ரோட்டில் அந்த முன் இடது சக்கரத்தில் ஆணி ஏறியது. பஞ்சர் ஒட்டியாயிற்று. அதற்குப் பிறகுதான் இந்தக் காற்று இறங்கும் வியாதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது மெதுவாக ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"லோசனி, இடமாறுதலுக்கு விண்ணப்பம் போடுறது திங்களோட முடியுதாமே. அவனியாபுரத்துல எடம் காலியா இருக்காம்."

"எந்தத் திங்கள்? நாளைக்கா, அடுத்த திங்களா?"

"அடுத்த திங்கள்தான். போட்டுரு. காரையும் குடுத்துருவோம். அந்த டயரே சொல்லுது, வேண்டாம்னு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டயர் எதையும் சொல்லாது, அதில் ஓட்டை இருக்கும், அவ்வளவுதான் என்றேன். பேச்சு வளர்ந்தது. வளர்த்தது நான்தான். கடைசியில் கோபத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன்.

"ஒரு வாரம் குடுங்க. திங்கக்கெழமைக்குள்ள காத்து எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கலன்னா, நானே காரை வித்துட்டு விண்ணப்பத்தையும் போட்டுர்றேன்."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். சொன்ன சொல்லை நான் மாற்றமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அன்று இரவு எனக்குச் சரியான தூக்கமில்லை. பத்தொன்பது முகங்களும் வந்து வந்து போயின.

ஏற்கெனவே காளவாசலில் ஒரு பெரிய கடையில் காட்டியிருந்தேன். குளிர்சாதன அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, நாலு டயரையும் மாற்றச் சொன்னார்கள். ஓட்டை எங்கே என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ஆகவே திங்கட்கிழமை பேரையூர் ரோட்டில் செல்லக்கிளியின் பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினேன். ஜூனில் பஞ்சர் ஒட்டியதும் அவள்தான்.

செல்லக்கிளிக்கு என் வயதுதான் இருக்கும். அவள் அம்மாவும் அப்பாவும் ஊரார் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். இவள் வேப்பமரத்தடியில் ஒரு கம்ப்ரசரை வைத்து ஆரம்பித்து, இப்போது தகரக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, லாரி டயர் கழற்றும் மெஷின் வரைக்கும் வந்துவிட்டாள். தான் ஒட்டியதில் காற்று போகிறதா என்று அவளுக்கும் ரோஷம்.

சக்கரத்தைக் கழற்றித் தொட்டியில் முக்கினாள். திருப்பித் திருப்பி முக்கினாள். வால்வின் வாயில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தாள்.

"இம்புட்டு நேரம் முக்கி வச்சிருக்கேன் டீச்சர், ஒரு குமிழி வரல. ஒட்டுன எடம் கல்லு கணக்கா இருக்கு. ரிம்முலயும் கசிவு இல்ல."

"அப்ப காத்து எங்கதான் போகுது?"

"தெரியல. தெரியாம விடமாட்டேன். டயர இங்கன வச்சுட்டுப் போங்க. ஸ்டெப்னிய மாட்டி விடுறேன். ரெண்டு நாள் கழிச்சு ரெண்டையும் பாப்போம்."

சரியான பரிசோதனை. என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இது தோன்றியிருக்காது. இரண்டு சக்கரத்திலும் சரியாக முப்பத்திரண்டு பிடித்து, டயரின் மேல் சாக்பீஸால் எழுதியும் வைத்தாள்.

புதன்கிழமை காலை போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த டயரில் மீட்டரை வைத்தாள். முப்பத்திரண்டு, இம்மியும் குறையவில்லை. காரில் மாட்டியிருந்த ஸ்டெப்னியில் வைத்தாள். இருபத்தெட்டு. அதுவும் இத்தனை தூரம் ஓடிவந்த சூட்டோடு இருபத்தெட்டு.

செல்லக்கிளி எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"டயரு மாறியாச்சு, வால்வு மாறியாச்சு, ரிம்மும் மாறியாச்சு. எறங்குற எடம் மட்டும் மாறல. டீச்சர், இது காத்து எறங்கல. யாரோ எறக்குறாக."

யார் இறக்குவார்கள்? யாருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்? அவள் உள்ளே போய், லாரிக்கு நம்பர் எழுதும் மஞ்சள் பெயிண்டை எடுத்து வந்தாள். நாலு வால்வு மூடியிலும், மூடியிலிருந்து தண்டு வரைக்கும் நேராக ஒரு மெல்லிய கோடு இழுத்தாள்.

"மூடியத் தெறந்து திரும்பப் போட்டா இந்தக் கோடு கோணிக்கும். மீட்டரையும் கொண்டு போங்க. ஆளு சிக்குனா எனக்கும் சொல்லுங்க, நானும் வாரேன்."

வியாழன் காலை, கிளம்பும் முன் குனிந்து பார்த்தேன். மூன்று மூடிகளில் கோடு நேராக இருந்தது. முன் இடது சக்கரத்தில் மட்டும் மேல் பாதி ஒரு பக்கம், கீழ்ப் பாதி ஒரு பக்கம். அதாவது, என் வீட்டு வாசலில், சுற்றுச்சுவருக்குள் வந்து எவனோ மூடியைத் திறந்திருக்கிறான்.

அன்று முழுக்க என் புத்தி ஊரைச் சுற்றியது. பக்கத்து வீட்டுக்காரர், முன்பு தெருவில் கார் நிறுத்தியபோது தன் தண்ணீர் லாரி நுழைய இடமில்லை என்று முணுமுணுத்தவர். தெருமுனையில் கிரிக்கெட் ஆடும் கூட்டம், கண்ணாடி மேல் பந்து பட்டதற்கு நான் போட்ட சத்தத்தை மறந்திருக்காது. ஒவ்வொருவராக நினைத்து ஒவ்வொருவரையும் மனதுக்குள் வைதேன். பள்ளியிலிருந்து வரும்போது காற்றை முப்பத்திரண்டுக்கு நிரப்பிக்கொண்டு வந்தேன். வந்ததும் கோட்டையும் நேராகத் திருப்பி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது மாடி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஐந்தரை மணிக்கு வெளிச்சம் வந்தது. பால்காரர் வந்து போனார். கேட்டுக்கு வெளியே நாய் ஒன்று படுத்திருந்தது. வேறு யாரும் வரவில்லை.

வாசற்கதவு திறந்தது. என் கணவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரின் முன் இடது சக்கரத்தின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மூடியைத் திருகிக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டார். தன் டிவிஎஸ் மொபெட் சாவியின் நுனியால் வால்வுக்குள் அழுத்தினார். புஸ்ஸென்ற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. காதைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன். பக்கத்து வீட்டுக்காரரையும் தெருப் பிள்ளைகளையும் சந்தேகப்பட்டேனே என்று ஒரு பக்கம் கூசியது, இன்னொரு பக்கம் நெஞ்சு எரிந்தது.

"நான் வண்டி ஓட்டக்கூடாதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? திருட்டுத்தனமா காத்தப் பிடுங்கி விடுறீங்களே, வெக்கமா இல்ல?"

அவர் மூடியை வாயிலிருந்து எடுத்தார். முகத்தில் திருட்டு இல்லை. ஒன்றும் புரியாத விழிப்புதான் இருந்தது.

"பிடுங்குறனா? காத்து இருக்கான்னுல்ல பாக்குறேன்?"

"இதுவா பாக்குறது?"

"முப்பது வருசமா டிவிஎஸ்ஸுக்கு இப்பிடித்தான பாக்குறேன். சத்தம் கனமா வந்தா காத்து இருக்குன்னு அர்த்தம்."

"அப்பப் பாக்கி மூணு சக்கரம்?"

"நாலையும் எதுக்குப் பாக்கணும்? கட்டுக்கு ஒரு சேலையப் பிரிச்சுப் பாத்தாப் போதாதா?"

முப்பது வருஷ வியாபாரம். ஒரு கட்டு சேலை வந்தால் மேலே இருப்பதில் ஒன்றை உருவி, விரித்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மொத்தக் கட்டையும் உள்ளே வைப்பார். அது சரியாகத்தான் இருக்கும். சேலையைப் பிரித்துப் பார்ப்பதால் சேலை குறைவதில்லை.

நான் உள்ளே போய் மீட்டரை எடுத்து வந்து அவர் கண்ணெதிரே வைத்தேன். இருபத்தொன்பது. "இப்ப எப்பவும் போலப் பாருங்க" என்றேன். அவர் தயங்கிச் சாவியை வைத்து அழுத்தினார். புஸ்ஸென்றது. உதடு அசைந்தது, ஏதோ நாமம் சொல்கிறார், அது முடியும் வரை விரலை எடுக்கவில்லை. மறுபடி மீட்டரை வைத்தேன். இருபத்தெட்டுக்கும் கீழே முள் நின்றது.

முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப... நாந்தானா?"

"நீங்கதான்."

"இதுல ஆணி ஏறுனதுலருந்து காலையில மட்டுந்தான் பாத்தேன். கொறையுது கொறையுதுன்னு நீ சொன்னியேன்னுதான் நீ வந்ததும் இன்னொரு தடவ பாத்தேன். சத்தம் கொறஞ்சுகிட்டே வந்துச்சா, இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுப் பாத்தேன்."

சிரித்திருக்கவேண்டும். சிரிப்பு வரவில்லை. "எதுக்கு இந்த வேலை உங்களுக்கு?" என்று கேட்டேன். குரல் எனக்கே கடுமையாகப் பட்டது.

"அன்னிக்குக் கள்ளுப்பட்டி ரோட்டுல நின்னியே. பதினேழு தடவ போன் போட்டேன். எடுக்கல. திருமங்கலம் வரைக்கும் டிவிஎஸ்ஸுல வந்து நின்னேன், ஒவ்வொரு காராப் பாத்துக்கிட்டு. நீ எப்பிடியோ என்னத் தாண்டிப் போயிட்ட. நான் வீட்டுக்கு வாரப்ப நீ சாப்பிட்டுப் படுத்திருந்த."

எனக்கு அது தெரியவே தெரியாது. அன்று என் போனில் சார்ஜ் இல்லை. ரோட்டில் நின்ற எரிச்சலில் வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் எதிரில் அவமானப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன். இவர் எங்கே என்று கூடக் கேட்கவில்லை. கேட்டால், கார் வேண்டாம் என்று சொன்னேனே என்பார் என்று நினைத்தேன். அவரும் சொல்லவில்லை. நாலு மாதமாகக் காலையில் காற்றிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. எனக்கு அழப் பிடிக்காது, அடக்கிக்கொண்டேன்.

"இங்க பாருங்க. பயம் உங்களுக்கு இருக்கட்டும். இருக்க வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா உங்க பயத்துக்கு என் வண்டிய நிறுத்தாதீங்க. நான் இந்தப் பள்ளிக்கூடத்த விடமாட்டேன்."

சாவியைக் கையில் உருட்டினார்.

"அப்ப நான் எப்பிடித்தான் தெரிஞ்சுக்கிறது?" என்றார்.

நான் மூடியை வாங்கி வால்வில் திருகினேன்.

சனிக்கிழமை அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு செல்லக்கிளி கடைக்குப் போனேன். மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். "ஆளு சிக்குச்சா டீச்சர்?" என்று கேட்டாள். என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். அவர் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிக்குச்சு. மன்னிச்சு விட்டாச்சு" என்றேன். செல்லக்கிளி அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிப்பு மட்டும் வெளியே கேட்டது.

திங்கட்கிழமை காலை நாலு சக்கரத்துக்கும் அவரே மீட்டர் வைத்துப் பார்த்தார். நாலும் முப்பத்திரண்டு. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியதும் நான் முன் இடது சக்கரத்தில் மீட்டரை வைத்தேன். போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"முப்பத்தஞ்சு" என்றேன்.

"முப்பத்திரண்டுல்ல இருந்துச்சு! எப்பிடிக் கூடுச்சு? நான் தொடலயே!"

"ஓடுனா டயரு சூடாகும். சூடானா அழுத்தம் கூடும். பயப்படாதீங்க."

தெற்கு மாசி வீதியின் ஆட்டோ ஹாரன் கேட்டது.

"அப்பக் கூடியிருந்தா நல்லபடியா ஓடி வந்திருக்குன்னு அர்த்தம்."

"ஆமா."

"சரி. கிளம்புறப்பவும் பாத்துச் சொல்லு."

"ஆறு மணிக்கு வகுப்பு முடியும். முடிஞ்சதும் சொல்றேன்."

இடமாறுதல் விண்ணப்பம் அன்று மாலை ஐந்து மணியோடு முடிந்தது. ஐந்து மணிக்கு நான் கரும்பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். பத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள்.