அரைப் புள்ளி போதும்

உக்ரைனின் லிவிவ் நகரத்தில் என் பெயர் ஸ்தெபானியா என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை. சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறவள்கூட, "நீங்க யாரினாவோட அக்காதானே? தங்கச்சிக்குன்னு ஒரு கரண்டி கூடவே போட்டிருக்கேன், குடுத்துடுங்க" என்பாள். அந்தத் தங்கச்சிக்குச் சதுரங்கப் பலகையை முதலில் விரித்துக் காட்டியவள் நான். அவள் பதினாறு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனாள். முப்பதை நெருங்கியும் நான் வெறும் அக்கா. எனக்கு வயிறு எரிந்தது. இல்லையென்று சொன்னால் என் அம்மாவே நம்பமாட்டாள்.

அந்த வசந்தத்தில் தேசியப் போட்டியின் கடைசிச் சுற்றில் எனக்கு எதிரே யாரினா. அரைப் புள்ளி கிடைத்தால் எனக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம். அதே அரைப் புள்ளி அவளை ஒலிம்பியாட் அணியில் சேர்த்துவிடும். டிரா செய்தால் இருவர் காரியமும் முடிந்தது.

"சட்டுபுட்டுன்னு கைகுலுக்கிட்டு வந்து சேருங்கடி. போர்ஷ் சூப் ஆறிடும்" என்று சொல்லித்தான் அம்மா எங்களை அனுப்பினாள்.

பத்துப் பன்னிரண்டு காய் நகர்ந்ததும் யாரினா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"டிரா பண்ணிக்கலாமா அக்கா?"

சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. தங்கை போட்ட பிச்சையில் அக்கா பட்டம் வாங்கினாள் என்று ஊரே பேசும்.

"விளையாடு."

"பைத்தியமா உனக்கு? தோத்தா பட்டம் போயிடும்."

"என் பட்டத்தை நான் பாத்துக்கறேன். நீ உன் ராஜாவைப் பாரு."

நடுவர் முறைத்தார். வாயை மூடிக்கொண்டோம்.

ஒரு குதிரையைப் பலிகொடுத்து அவள் ராஜாவை வெளியே இழுத்தேன். அவளுடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. காது மடல்கள் சிவந்துவிட்டன. அவசரத்தில் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தாள். நாலு நகர்த்தலுக்குப் பிறகு தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கோ மனதைப் புழு அரித்தது. யாரினாவா யானையை அப்படி வைப்பாள்? இதுவும் பிச்சைதானோ? அவளைத் தேடிக்கொண்டு போனேன். மாடிப்படியில் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வேணும்னே தோத்தியா?"

நிமிர்ந்தாள். கண்ணும் மூக்கும் வீங்கியிருந்தன.

"உனக்காக நான் எதுக்குத் தோக்கணும்? எனக்கு அணியில இடமே போச்சு. அரைப் புள்ளி வலிய வந்து குடுத்தேன், நீதான வேண்டாம்னே?"

சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. பட்டம் என்னுடையதுதான் என்று அப்போதுதான் நம்பினேன். வயிற்றெரிச்சல் அடங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அழாதே என்று மட்டும் சொல்லவில்லை.