ஒன்பது வாட்ஸ் குண்டான்

நான் பி.எஸ்சி. வேதியியல். எங்கள் வம்சத்தில் முதல் டிகிரி. இதைச் சொன்னதும், "அப்புறம் ஏம்மா ஓட்டப் பாத்திரத்த வச்சி நோண்டிக்கிட்டு இருக்க?" என்று கேட்பவர்கள் எங்கள் தெருவில் பதினேழு பேர். வேலை வாங்கித் தருகிறேன் என்றவர் ஒருவரும் இல்லை.

பழைய சமையல் பாத்திரங்களை வேறொன்றாக மாற்றுவது என் தொழில். காது உடைந்த வாணலி சுவர்க் கடிகாரம் ஆனது. இட்லித் தட்டு கம்மல் மாட்டும் ஸ்டாண்டு ஆனது. தேங்காய்த் துருவியின் பல்லில் அப்பாவின் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டேன். அவர் விரலில் மூன்று நாள் பேண்டேஜ் இருந்தது.

அதையும் மீறி, அவர் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட பல்பு ஹோல்டர் ஒன்றை எனக்காகக் கொண்டுவந்தார். அதற்குப் பொருத்தமாக ஏதாவது கிடைக்குமா என்று பரணில் ஏறியபோதுதான் அந்தப் பித்தளைக் குண்டான் அகப்பட்டது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

புளி போட்டுத் தேய்த்தேன். விளிம்புக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. பாதிக்குமேல் தேய்ந்திருந்தன. குண்டானைக் கவிழ்த்து வைத்திருந்ததால் ஏதோ கொடி வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டேன். அளவெடுக்கிற வேலை மிச்சம் என்று புள்ளிக்குப் புள்ளி ட்ரில் போட்டேன். அடியில் ஒரு பெரிய ஓட்டை, அதில் ஹோல்டர், ஒன்பது வாட்ஸ் பல்பு. வாசல் அறையில் கவிழ்த்துத் தொங்கவிட்டு, பொழுது சாயும்போது சுவிட்சைப் போட்டேன்.

அம்மா அரிசிப் பையோடு உள்ளே வந்தாள். விளக்கைப் பார்த்தாள். கழுத்தைச் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். பை கீழே விழுந்தது.

"அடியே அனுசியா, அதுல ராஜம்மாள்னு எரியுதுடி!"

நானும் தலையைக் கவிழ்த்துப் பார்த்தேன். 'சு. ராஜம்மாள்' என்று ஜவுளிக்கடை போர்டு மாதிரி ஜொலித்தது. பதினைந்து வருடம் படித்தவளுக்குத் தமிழைத் தலைகீழாகப் படிக்கத் தெரியவில்லை.

ராஜம்மாள் பெரியம்மா எங்கள் எதிர்வீடு. பேர் வெட்டிய தன் குண்டானைக் காணோம் என்று மூன்று மாதம் முன்பு தெருவையே கலக்கியவர். கடைசியில் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தார். எங்கள் ஊரில் போலீஸ் ஸ்டேஷனைவிட இதற்குத்தான் பயம். குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டால், தொண்ணூறு நாளுக்குள் சாமி தீர்த்துவைக்கும். குற்றவாளியைச் சும்மா விடாது.

அன்று எண்பத்தெட்டாவது நாள். இந்த மூன்று மாதமாகப் பால் திரிந்தாலும் பல்லி விழுந்தாலும் அம்மா ஏன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள் என்பது இப்போது புரிந்தது.

"நீயாம்மா எடுத்த?"

"எடுக்கலடி! அவங்களே மொச்சக்கொட்ட கொழம்பு ஊத்திக் குடுத்தாங்க. நாலு வருசம் முன்னாடி, மாட்டுப் பொங்கலுக்கு."

"கழுவிக் குடுத்திருக்கலாம்ல?"

"வெறும் பாத்திரத்த எப்படிக் குடுக்கறது? ஏதாச்சும் போட்டுத்தானே குடுக்கணும். அதிரசம் சுட்டுப் போடலாம்னு இருந்தேன். பாகு முறிஞ்சிபோச்சி."

"நாலு வருசமாவா பாகு முறிஞ்சிது?"

"அப்புறம் மறந்துட்டேன். பிராது கட்டுன பொறவு எடுத்துக்கிட்டுப் போனா, திருடின்னு சொல்ல மாட்டாங்க?"

நான் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினேன். அதற்குள் கரண்டே போய்விட்டது. அதே நேரம் வாசலில் குரல்.

"திரௌபதி, வூட்ல இருக்கியா?"

ராஜம்மாள் பெரியம்மாவேதான்.

"எங்க வூட்லேர்ந்து பார்த்தேன், தகதகன்னு இருந்திச்சி. எம்பொண்ணு கயல்விழி நெய்வேலில புதுவூடு குடிபோறா. அவளுக்கு இந்த வெளக்கு வேணும். என்னா வெல?"

என் வாழ்க்கையில் முதல் வாடிக்கையாளர்! அவர் முதுகுக்குப் பின்னால் அம்மா தலையையும் இரண்டு கைகளையும் சேர்த்து ஆட்டினாள்.

"இது விக்கிறதுக்கு இல்லீங்க பெரிம்மா."

"ஏன், எங்காசு செல்லாதா?"

"அது ஷாக் அடிக்கும் அக்கா," என்றாள் அம்மா.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எது? நான் ஒயரிங் பண்ணது ஷாக் அடிக்குமா? எர்த் குடுத்திருக்கேன்! பெரிம்மா, நீங்க தொட்டுப் பாருங்க!"

அவர் கையைப் பிடித்து நானே குண்டான்மேல் வைத்தேன். அந்த நொடி கரண்ட் வந்தது.

ஷாக் அடிக்கவில்லை. இதை எல்லோரும் நன்றாகக் குறித்துக்கொள்ளவும்.

பெரியம்மாவுக்குத் தலையைச் சாய்க்கவே தேவைப்படவில்லை. பாத்திரக்கடையில் பேர் வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியும் விழுவதைப் பார்த்தவர்.

"எம்பேரு எப்படிடி ஒங்க வூட்ல எரியுது?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் விளக்கைக் கழற்றி, ஒயரோடு பெரியம்மா கையில் கொடுத்தேன்.

"அம்மா திருடல பெரிம்மா. நீங்க கொழம்பு குடுத்தது. வெறும் பாத்திரமா திருப்பிக் குடுக்க வெக்கப்பட்டு வச்சிருந்திச்சி. இப்ப வெறுமா இல்ல. வெளிச்சம் போட்டுக் குடுக்கறோம், எடுத்துக்குங்க."

பெரியம்மா ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"சாமிகிட்ட குண்டானத்தான் கேட்டேன். ஓட்டயா கேட்டேன்? இதுக்கு வெல வேற கேட்டேனே, நான் ஒரு கூறுகெட்டவ." அம்மா பக்கம் திரும்பினார். "ஏன் திரௌபதி, அந்த மொச்சக் கொழம்பு எப்படி இருந்திச்சி?"

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "உப்பு கொஞ்சம் தூக்கல் அக்கா."

"அதான பார்த்தேன். அன்னிக்கி எங்கூட்லயும் யாரும் சாப்புடல," என்று சிரித்துவிட்டார். "சரி வுடு. நாளைக்கிப் போயி பிராத வாபஸ் வாங்கிடறேன்."

சொன்னபடியே மறுநாள் கோயிலுக்குப் போய்வந்தார். சாயங்காலம் ஒரு சொம்பு நிறையப் பாயசம் கொடுத்துவிட்டுப் போனார். பட்ட பாடு போதாதா? பாயசத்தை உடனே வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, சொம்பை நேராகப் பிடித்து முதலில் பேரைப் படித்தேன்.

'மா. திரௌபதி.'

அம்மா பிடுங்கிப் பார்த்தாள். "எங்கல்யாணச் சொம்புடி இது! ஆறு வருசமா தேடறேன்! அனுசியா, ஒரு வெள்ளத்தாளு எடு. பேனாவும் எடு."

நான் ட்ரில்லை எடுத்தேன்.

அம்மா அதற்குள் பாயசத்தை ஒரு வாய் குடித்திருந்தாள்.

"இனிப்பு கம்மி. அதயும் சேத்து எழுது."