காதால் பார்த்த கசிவு

ஆர்வில் பென்னர் தன் பாதிப் பங்கை விற்கிறேன் என்றபோதே வெர்னாவுக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக இருவரும் கூட்டாக வைத்திருந்த நாலு சீட்டு விமானம். முழங்கால் வலி என்றார். போன வாரம்தான் அந்த முழங்காலோடு வீட்டுக் கூரைமேல் ஏறிப் பனி தள்ளிக்கொண்டிருந்தார்.

கூடவே விமானத்தின் இந்தக் கதவுப் பிரச்சினை. கதவைச் சாத்தியதும் ஒரு சின்னப் பம்பு காற்றடித்து, இடுக்கை அடைக்க ஓரத்து ரப்பர் குழாயை உப்பவைக்கும். உப்பியதும் பம்பு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுவோ ஒரு மாதமாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மறுபடி ஓடியது. எங்கோ காற்றுப் போகிறது. கேட்டால், "நல்லாத்தானே இருக்கு" என்று ஒரே பாட்டு. ஓட்டையை மறைத்து என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவுகட்டினாள். கையெழுத்துப் போடுமுன் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு விமானம் நிற்கும் ஹேங்கருக்குப் போனாள்.

"சோப்பெல்லாம் எதுக்கும்மா? கசிவை நான் காதாலேயே பிடிச்சிருவேன். வயலுக்கு மருந்தடிக்கிற விமானத்தை நாப்பது வருஷம் இப்படித்தான் பார்த்தேன்" என்றார் ஆர்வில்.

"அப்ப பிடிங்க, பார்ப்போம்."

பம்பு சுவிட்சைப் போட்டுக் கதவைச் சாத்தினாள். ஆர்வில் கதவோரமாகக் காதை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். கீழ்க் கீல் பக்கத்தில் 'ஸ்ஸ்' என்ற சத்தம் மூன்றடி தள்ளி நின்ற அவளுக்கே கேட்டது. அவர் காது அதை உரசிக்கொண்டு தாண்டிப் போனது.

"ஒண்ணுமில்ல. சுத்தம்."

பச்சைப் பொய். கீல்மேல் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினாள். குமிழி குமிழியாகக் கிளம்பியது.

"இது என்னவாம்?"

மாட்டிக்கொண்ட ஆளின் முழி அவரிடம் இல்லை. குனிந்து அதே இடத்தில் மறுபடி காதை வைத்தார். மடலில் நுரை ஒட்டியது. மற்ற காதையும் வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சத்தம் வருதா?"

"நல்லாவே வருது."

"இவ்வளவு மோசமாயிருச்சுன்னு தெரியல. பேச்சு கேக்குது. கீச்சுச் சத்தமெல்லாம், விமானத்தோட எச்சரிக்கைச் சத்தம்கூட, கேக்காமப் போய் ரெண்டு வருஷமாச்சு. அதான் விக்கிறேன்."

"அதைச் சொல்றதுக்கென்ன? முழங்கால்னு கதை விட்டீங்களே."

"முழங்கால்னா சிரிச்சுட்டு விட்டுருவே. காதுன்னா, நாம சேர்ந்து பறந்த ஒவ்வொரு நாளையும் எண்ணிப் பார்ப்பே."

வெர்னாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும், போன கோடையில் மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து அவரை ஓட்டவிட்ட நாளிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தாள்.