கோயிலிலிருந்து மூன்றாவது லைன்

"மூணாவது லைன்னுதான் சொன்னேன். ஆளு பேரு, வீட்டு நம்பர் ஒண்ணும் குடுக்கல."

"எந்த மூணாவது லைன்?"

"என்ன எந்த? நம்ம தோட்டத்துல எத்தன மூணாவது லைன் இருக்கு?"

திலகா கொடியில் போடப் போன ஈரச்சட்டை அவள் கையிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய தம்பி குகனேஸ்வரன் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் மேல் ஒருக்களித்து உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சற்று முன்புதான் வந்தான். அம்மாவை எங்கேயாவது டவுன் பக்கம் கூட்டிப்போ, சாயங்காலம் இங்கே கொஞ்சம் சத்தமாக இருக்கும் என்று ஆரம்பித்தான். என்ன சத்தம், யார் சத்தம் என்று அவள் தோண்டத் தோண்ட இவ்வளவு வெளியே வந்திருந்தது. ஈப்போ பக்கமிருந்து ஒரு வேனில் ஆட்கள் வருகிறார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் பங்களாதேஷ்காரர்களை 'மிரட்டி' வீடியோ எடுப்பார்கள். இடம் காட்டியவன் இவன்.

"அந்த நீல போர்டுல என்ன எழுதியிருக்குனு என்னைக்காவது படிச்சிருக்கியா நீ?"

குகன் தலையைத் தூக்கினான். லைனின் முனையில், சேம்புக் கொத்துக்கு நடுவே, அந்தப் பலகை நின்றது.

தோட்டத்தில் பிறந்தவர்கள் லைன்களை, தொழிலாளர் வீட்டு வரிசைகளை, கோயிலிலிருந்துதான் எண்ணுவார்கள். திருவிழாவன்று மாரியம்மன் ரதம் எந்த வாசலில் முதலில் நிற்கிறதோ அதுதான் முதல் லைன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அந்தக் கணக்கில் மூன்றாவது லைன், சரிவுக்கு மேலே பங்களாதேஷ்காரர்கள் குடியிருப்பது. ஆனால் புதிதாக வந்த மேனேஜர் கோயிலைக் கண்டாரா, ரதத்தைக் கண்டாரா? அவர் தேயிலைத் தொழிற்சாலைப் பக்கமிருந்து எண்ணிப் பலகை நட்டுவிட்டுப் போய்விட்டார். இருப்பதே ஆறு லைன். கோயிலிலிருந்து நான்காவது, பலகையில் மூன்றாவது. அவர்கள் நின்றுகொண்டிருந்த லைன் அது. உள்ளே அவர்களுடைய அம்மா ருக்குமணி, வழுக்கி விழுந்து முறிந்த காலில் மாவுக்கட்டோடு, தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குகன் பலகையையும் வீட்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வெளியூர்க்காரன் வந்தா போர்டத்தான்டா பாப்பான். ரதத்தையா பாப்பான்?"

"நான் சொல்லிடுறேன் அக்கா. ஒரு போன் போட்டா போதும். ஸ்டெஃபான் நல்ல மாதிரி."

ஸ்டெஃபான் யார் என்று திலகாவுக்குத் தெரியும். மருந்து தெளிக்கும் வேலையை, ஆள் எடுக்கும் கொந்திராக்காரன், பங்களாதேஷ்காரன் ஷஃபிக்கின் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டான் என்று புலம்பி, குகன் ஒருநாள் சமூக வலைத்தளத்தில் ஒரு வீடியோ போட்டான். மேல் லைன் வாசலில் ஷஃபிக்கும் மற்றவர்களும் பல் துலக்குவது, சிரிப்பது, அவ்வளவுதான். தோட்டத்தில் அதை ஒருவரும் சீண்டவில்லை. எங்கோ பனி பெய்யும் ஊரிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் பார்த்துவிட்டு 'சகோதரா' என்று எழுதினான். ஒரு குழுவில் சேர்த்துவிட்டான். அதில் எந்தெந்த தேசத்துக்காரர்களோ இருந்தார்கள். அவரவர் மண் அவரவர்க்கு, நாம் ஒருவருக்கொருவர் காவல் என்று பேசிக்கொண்டார்கள். குகனுடைய வீடியோவுக்குப் பின்னால் முரசொலி சேர்த்து, 'மலைத்தோட்டத்தைத் தின்னும் வெட்டுக்கிளிகள்' என்று பெயர் வைத்துப் பல மொழிகளில் சுற்றவிட்டார்கள். அன்றிலிருந்து குகன் நடையே மாறிப்போயிற்று. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் கண் பளபளக்கும் அவனுக்கு என்று திலகா நினைத்துக்கொள்வாள். ஒரு தடவை கேட்டும் பார்த்தாள். "ஸ்கூல்ல ஒருத்தன் உன்ன பெண்டாத்தாங், வந்தேறின்னு சொன்னதுக்கு அவன் பல்ல ஒடச்சியே. இப்ப அதே வார்த்தைய நீ கடன் வாங்கிட்டு வந்திருக்க." அது வேற லா, என்றான். அதோடு பேச்சு நின்றுபோனது.

"ஸ்பீக்கர்ல போடு," என்றாள் இப்போது.

நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தவன் குரலில் தூக்கம் இருந்தது. பின்னால் கரண்டி கோப்பையில் இடிக்கும் ஓசை. குகன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவசர அவசரமாகச் சொன்னான். தப்பு லைன். பலகை வேறு, நாங்கள் எண்ணுவது வேறு. அவர்கள் வரும் இடத்தில் என் அம்மா இருக்கிறாள்.

"நான் எப்படி நிறுத்துவது சகோதரா?" என்றான் ஸ்டெஃபான். "நான் என் வீட்டில் இருக்கிறேன். இங்கே இன்னும் காலை."

"நீங்க வேன்ல வர்றதா சொன்னீங்க."

"நாம் வருகிறோம் என்றேன். நாம் என்றால் எல்லோரும்தான். வேனில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. இடத்தைக் குழுவில் போட்டேன், யாரோ எடுத்துக்கொண்டார்கள். நமக்குத் தலைவன் கிடையாது. அதுதான் நம் பலம்."

"அப்ப அவங்ககிட்ட குழுவுல சொல்லுங்க. அங்க இருக்கறது எங்க ஆளுங்க. தமிழங்க."

கரண்டி ஓசை நின்றது. ஸ்டெஃபான் இதமாகவே பேசினான், பக்கத்துவீட்டுக்காரனிடம் மழையைப் பற்றிப் பேசுவதுபோல.

"கவலைப்படாதே. இங்கே பார்க்கிறவர்களுக்கு உங்கள் முகங்களில் வித்தியாசம் தெரியாது. படம் நன்றாகத்தான் வரும்."

இணைப்பு அறுந்தது. குகன் திரும்பத் திரும்ப அழுத்தினான். பிறகு குழுவில் எழுதினான். எழுதியது ஒரு நொடி நின்று மறைந்தது. யாரோ அவனை வெளியே தள்ளியிருந்தார்கள். கடைசியாக அவன் கண்ணில் பட்டது ஒரு படம்: வேனின் முன்கண்ணாடி வழியே பக்கத்து ஊரான கம்போங் ராஜாவின் கடைத்தெரு, ஓட்டுகிறவனின் மடியில் கிடந்த இரும்புக் குழாயின் ஒரு முனை. கீழே யாரோ கை தட்டும் பொம்மை போட்டிருந்தார்கள்.

"மிரட்டத்தான் வர்றாங்கன்னு சொன்னானுங்க அக்கா," என்றான்.

திலகா அதற்குள் போலீசைக் கூப்பிட்டிருந்தாள். மலாய் மொழியில் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி பெயரையும் சொன்னாள். குகன் நிமிர்ந்து பார்த்தான், தடுக்கவில்லை. வண்டி புறப்படுகிறது என்றார்கள். ஆனால் பள்ளி விடுமுறை. போலீஸ் நிலையம் இருக்கும் தானா ராத்தாவிலிருந்து மேலே வரும் ரோட்டில் சுற்றுலாக் கார்கள் எறும்பு வரிசையாக நின்றுகொண்டிருக்கும். வேன் வரும் கம்போங் ராஜா ரோட்டில் அந்தத் தொல்லை இல்லை.

"அம்மாவத் தூக்கிட்டு மேல காட்டுப் பக்கம் போயிடலாம்," என்றான் குகன். "நீ கால் பக்கம் புடி."

"அந்தப் படியில ரெண்டு பேர் தூக்கி ஏத்த முடியுமாடா? போன மாசம் ஆஸ்பத்திரிக்கு எறக்க எத்தன பேரு வந்தாங்க? மோட்டார்லயும் உக்கார முடியாது. வேற யார் இருக்கா லைன்ல?"

யாரும் இல்லை. வேலம்மா மகள் கல்யாணத்துக்கு லைனே திரண்டு தானா ராத்தா மண்டபத்துக்குப் போயிருந்தது. கதவுகளில் பூட்டுத் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமையில் ஆண்கள் நிறைந்திருந்தது மேல் லைன் ஒன்றுதான். மேலேயிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. யாரோ சிரித்தார்கள்.

"நீ போய் தூக்க ஆள் கேளு அக்கா. உன்கிட்டதான் அவங்க மரியாதையா பேசுவாங்க."

"நான் அம்மாவ வாசலுக்குக் கொண்டு வரேன். நீதான் கேக்கணும். வேன் வர்றத முதல்ல சொல்லு. அவங்களும் தப்பிக்கணும்."

அவன் போனான். படி ஏறும்போதே பனிமூட்டம் தேயிலைமேல் இறங்கி வந்துகொண்டிருந்தது. கீழே தொழிற்சாலை ரோட்டைப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. ஏதோ எஞ்சின் கியர் மாற்றும் ஓசை மட்டும் கேட்டது. காய்கறி லோரியாக இருக்கலாம்.

ஷஃபிக் வாசலில் குந்தி மீன் கழுவிக்கொண்டிருந்தான். குகனைவிட வயதில் மூத்தவன், தோட்டத்துத் தமிழை நன்றாகவே பேசுவான். குகனைக் கண்டதும் சுற்றியிருந்தவர்களின் சிரிப்பு நின்றது. ஒருவன் எழுந்து கதவோரம் போய் நின்றான்.

"இன்னிக்கும் வீடியோவா?" என்றான் ஷஃபிக், மீனைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "எங்க ஊர்ல என் பொண்டாட்டி பாத்துட்டா. வெட்டுக்கிளின்னா என்னன்னு கேக்குறா."

குகன் கொட்டினான். வேன், குழாய், யார் இடம் காட்டியது, எல்லாவற்றையும். போலீஸ் வருகிறது, ஆனால் ரோட்டில் நெரிசல், நீங்கள் காட்டுப் பக்கம் போய்விடுங்கள் என்றான். பலகைக் கணக்கையும் சொன்னான்.

ஷஃபிக் கையைக் கழுவினான். உள்ளே திரும்பித் தன் மொழியில் ஏதோ சொன்னான். ஆட்கள் செருப்பு தேடினார்கள், அடுப்பை அணைத்தார்கள். ஒருவன் குகனைத் தோளால் இடித்துக்கொண்டு கடந்து போனான். மூட்டத்துக்குள் அந்த எஞ்சின் ஓசை இப்போது தோட்டத்து மண்பாதையில் திரும்பியிருந்தது. கீழே வாசலில், நாற்காலியில் சாய்ந்து, என்னடி அவசரம் என்று அம்மா திலகாவைத் திட்டுவது கேட்டது.

ஷஃபிக்கும் எழுந்து சட்டையை எடுத்துத் தோளில் போட்டான்.

"பாய்," என்றான் குகன். "அம்மாவால நடக்க முடியாது. தூக்கணும். ரெண்டு பேர் என்கூட கீழ வருவீங்களா?"