எழிலரசியை மட்டும் மறித்த கோடு

எழிலரசியின் உடல் அவள் வீட்டு வாசலைத் தாண்டாமல் நின்றபோது அங்கே இருந்தவர்கள்: தகப்பன் சுப்பராயன், தாய் தாயாரம்மாள், பங்காளி மண்ணாங்கட்டி, ஆம்புலன்ஸ் ஓட்டிவந்த சாம்சன், ஒரகடத்தில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த தென்காசிப் பெண் இசக்கி. பிள்ளைப்பாக்கத்தில் மற்றவர்கள் சொல்வதெல்லாம் கேட்டுச் சொல்வது.

மறித்தது அரிசி மாவுக் கோடு. வீட்டைச் சுற்றி ஒரு வட்டம், வாசலில் அதைத் தொட்டபடி ஐந்து முனை நட்சத்திரம். எழிலரசி செல்போன் கம்பெனி லைனில் வேலை பார்த்தவள். மண்ணையும் நிலாவையும் கும்பிடும் வெளிநாட்டுப் பெண்கள் பேசுவதை ஷிப்ட் பஸ்ஸில் போனில் கேட்டுக் கேட்டு, அந்தப் பழைய வழிபாட்டில் மனம் வைத்தாள். நான்கு முனைகள் நிலம், நீர், நெருப்பு, காற்று, மேல்முனை உயிர், வட்டம் உள்ளே இருப்பவர்களுக்குக் காவல் என்று தாயிடம் சொல்லியிருந்தாள். சுப்பராயன் நெஞ்சுவலியில் படுத்து எழுந்த வாரத்தில்தான் அதைப் போட்டாள். தெருவில் நின்று வீட்டைப் பார்த்துப் போட்டதால், உள்ளிருந்து வந்த சுப்பராயனுக்கு நட்சத்திரம் தலைகீழாக, மந்திரவாதி போட்ட சக்கரம்போலத் தெரிந்தது. அம்மன் கோயிலில் முதல் மரியாதை வாங்கும் குடும்பம் அது. பெற்ற மகளே செய்வினை வைத்துவிட்டாள் என்று மத்தியானத்துக்குள் தெரு பேசிவிட்டது. சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவளைச் சுப்பராயன் கோட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்தினார்.

“செய்வினை வெக்கிறவளுக்கு இந்த வூட்ல இன்னா வேலை? போ.”

போனாள். சாணி கரைத்து ஊற்றியும் கோடு அழியவில்லை. அந்த ஐப்பசியில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். கோட்டுக்குள் துணி காய்ந்தது. சுப்பராயனுக்கு நெஞ்சுவலி திரும்ப வரவில்லை. பால்காரரும் கோழிகளும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்வந்தார்கள். பொங்கலுக்குத் தகப்பனுக்கு வேட்டி எடுத்துக்கொண்டு வந்த எழிலரசியின் கால் மட்டும் சுவரில் முட்டியதுபோல் நின்றது. தாயாரம்மாள் தொண்டை வற்றக் கூப்பிட்டும் பயனில்லை.

“போன்னு சொன்ன வாயாலயே வான்னு சொல்லு நைனா. அப்பதான் தெறக்கும்.”

சுப்பராயன் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். வேட்டியைத் தாய்தான் கை நீட்டி வாங்கினாள்.

ஆடியில், கம்பெனிக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது லாரி மோதி எழிலரசி இறந்தாள். சாம்சனும் மண்ணாங்கட்டியும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்தார்கள். கோட்டருகே அது நின்றுவிட்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், கொல்லைப்புறமாகவும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். சாம்சன் குனிந்து மாவைப் பார்த்தார்.

“ஸ்டார்தானே? டிசம்பர் வந்தா எங்க வூட்டு வாசல்ல கட்டித் தொங்கவுடுறோம். இதுக்கா பொண்ண வெரட்டுனீங்க?”

இசக்கி சுப்பராயன் எதிரே வந்தாள்.

“ஐயா, அவ இன்னும் ஒங்க வாய் வார்த்தைக்குத்தான் காத்துக் கெடக்கா.”

மண்ணாங்கட்டி பதறிப்போய் சுப்பராயனின் கையைப் பிடித்தார்.

“எழவு வூட்ல யாரையும் வான்னு கூப்புடக் கூடாதுண்ணே. தெரியாதா ஒனக்கு?”

சுப்பராயனுக்குத் தெரியும். சாவு வீட்டில் வரவேற்றால் இன்னொரு சாவையும் சேர்த்து அழைத்ததாகும். எத்தனையோ சாவுகளில் அந்தச் சொல் வாயில் வந்துவிடாமல், தலையை மட்டும் அசைத்து நின்றவர் அவர். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். தெருவுக்குப் போய், அவள் நின்று போட்ட இடத்தில் நின்று, முதல்தடவையாக நட்சத்திரத்தை நேராகப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, ஊர் கேட்கக் கூப்பிட்டார்.

“வாம்மா. உள்ள வா.”

ஓர் ஆள் அகலத்துக்கு மாவு விலகியது. ஸ்ட்ரெச்சர் லேசாக உள்ளே வந்தது.

அதன்பின் அந்த வீட்டிலும் மழை பெய்கிறது. விலகிய மாவு கூடவில்லை. சாயங்காலம் ஷிப்ட் பஸ் வரும் நேரத்தில் சுப்பராயன் அந்தப் பொங்கல் வேட்டியைக் கட்டிக்கொண்டு இடைவெளியில் நின்று ஒருமுறை வா என்று சொல்கிறார். எழிலரசி தினமும் வந்து போகிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவள் வருவதில்லை. வழி திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.