நாற்பத்தொன்றாம் பக்கத்துத் திருத்தம்

ஒரு வருஷத்தில் நாட்டில் நடந்தது, ஜெயித்தவர், செத்தவர் எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகத் தொகுப்பவருக்கு ஆபீஸில் ‘வருஷத்தார்’ என்று பெயர். போன வருஷப் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டதால், "இந்தத் தடவை என் வாசல்லயே அடுக்குங்க" என்று அச்சகத்தாரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மதியம் அவர் அறைக்குள் கண்ணயர்ந்த நேரத்தில் அவர்களும் சொன்னபடியே செய்துவிட்டுப் போனார்கள். எண்ணூறு தடிமனான பிரதிகள், தரையிலிருந்து கூரைவரை. கதவோ வெளிப்பக்கம் திறக்கிற கதவு.

ஐந்து மணி ரயிலில் மகள் தூரதேசத்துக்கு வேலைக்குப் போகிறாள். திரும்பி வர மூன்று வருஷம். இப்போது மணி மூன்றரை.

போன் அடித்தது. "அப்பா, எங்க இருக்கீங்க? நாங்க ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டோம்."

"வர்றேன்மா. இந்த வருஷம் கொஞ்சம் வழியில நிக்குது."

வருஷத்தார் போன் செய்ததும் தீயணைப்பு அதிகாரி ஆறு ஆட்களோடு வந்தார். கதவுக்கு வெளியே ஒரு புத்தகக் கட்டைப் பிரித்தார். அப்புறம் நாற்காலி இழுக்கிற சத்தம், பக்கம் புரள்கிற சத்தம்.

"சார், அமைச்சர் லிஃப்ட்ல மாட்டினது நாப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்கு."

"ஆமா, முக்கியமான சம்பவமாச்சே."

"‘பின்னர் வெளியே வந்தார்’னு போட்டிருக்கீங்க. அவராவா வந்தாரு? என் தோள்மேல ஏத்தி இறக்கினேன். இன்னும் கழுத்து திரும்பல. அதுக்குக் கீழேயே, பரிசு வாங்கின பூசணிக்காய்க்கு மட்டும் எடை, சுற்றளவு எல்லாம் இருக்கு!"

"ஐயா, என் பொண்ணு ஊருக்குப் போறா…"

"எனக்கும் பொண்ணு இருக்கா. புஸ்தகம் வந்ததும் காட்டறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

வருஷத்தார் திருத்தம் ஒன்றை எழுதிக் கதவுக்கடியில் தள்ளினார்: ‘அமைச்சரைத் தோளில் தூக்கி இறக்கியவர் தீயணைப்பு அதிகாரி.’

அதிகாரி இரண்டு தடவை படித்தார். "அருமை. ஆனா ஒரு பிரதியில மட்டும் இருந்தா, நானே எழுதிக்கிட்டேன்னு சொல்லுவாங்க."

ஆறு பேரும் தரையில் உட்கார்ந்து, பிரதி பிரதியாகக் கையால் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் ஒவ்வொன்றிலும் அடிக்கோடு வேறு போட்டார்.

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். ஐந்து பத்துக்கு ரயில் போயிற்று. ஏழாவது பெட்டியில் ஒரு கை ஆடியது. வருஷத்தாரும் கம்பிக்கு நடுவே கையை விட்டார், முழங்கைவரைதான் போயிற்று.

ஆறரைக்குக் கதவு திறந்தது.

"வெளிய வாங்க சார்," என்றார் அதிகாரி, கழுத்தைத் திருப்பாமல்.

வருஷத்தார் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தாளை நீட்டினார். ‘அதே பக்கம்: மேலும் ஒருவர் மாட்டிக்கொண்டார். பின்னர் வெளியே வந்தார் என்று சொல்வதற்கில்லை.’

அதிகாரி அதையும் இரண்டு தடவை படித்தார். அப்புறம் பேனாவைத் திறந்துகொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"இதையும் எண்ணூறுலயும் எழுதணும்ல சார்?"