ஓராண்டும் ஒரு நாளும் படுக்கை

எங்கள் வீட்டை ஒட்டிய புல்வெளி யாருக்கு என்ற வழக்குக்காக என் மாமனார் ராஜாவின் பின்னாலேயே ஊர் ஊராக அலைந்தவர். ராஜா எங்கே போனாலும் நீதிமன்றமும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போகும். இப்போது அது லண்டன் பக்கத்து வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மட்டுக்கு ஆண்டவருக்கு நன்றி.

ஆனால் அங்கே போகவும் கால் வேண்டுமே. என் கணவர் தர்ஸ்டனுக்கு முழங்கால் பானை போல வீங்கிக் கிடந்தது. நீதிமன்றம் அனுப்பிய நான்கு குதிரை வீரர்கள் வந்து காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஓராண்டும் ஒரு நாளும் தவணை கொடுத்தார்கள். அதுவரை அவர் படுக்கையிலேயே இருக்க வேண்டும். எழுந்து நடமாடுவதை எதிராளி பார்த்துச் சொல்லிவிட்டால், நோய் பொய் என்று நிலம் அவனுக்கு.

எதிராளி பக்கத்து வீட்டு ஆஸ்பர்ட். சும்மா இருப்பானா? தினமும் எங்கள் வேலிக்குள் தலையை நுழைத்து எட்டிப் பார்ப்பான். நாசமாய்ப் போக என்று வாய் வலிக்கத் திட்டுவேன்.

பதினோராம் மாதம் வீக்கம் வற்றியிருந்தது. ஒரு மழை நாளில் வேலியோரத்துச் சேற்றுப் பள்ளத்திலிருந்து ஆஸ்பர்ட்டின் அலறல் கேட்டது. ஓடிப் பார்த்தேன். மார்பு வரை புதைந்திருந்தான். இழுத்துப் பார்த்தேன், என் பலம் போதவில்லை.

உள்ளே வந்து சொன்னதும் தர்ஸ்டன் போர்வையை உதறினார்.

"ஏங்க, படுங்க. நான் போய் ஆள் கூட்டிட்டு வரேன்."

"ஆள் வர்றதுக்குள்ள அவன் முங்கிடுவான், கோடித்."

"அவன் உங்களைப் பாத்துட்டா நிலம் போச்சு."

"போனா போகுது. ஒருத்தன் சாகுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே எப்படி படுத்துக் கிடப்பேன்?"

ஆணியில் தொங்கிய தன் இடுப்புக் கச்சையை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினார். அதன் ஒரு முனையை அவனிடம் வீசி, இரண்டு பேருமாக இழுத்துக் கரையில் போட்டோம். ஆஸ்பர்ட் தட்டுத் தடுமாறி எழுந்தான். கச்சையைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குப் போய்விட்டான். சாட்சியும் அவன் கையில் போய்விட்டதே என்று அன்று முழுக்க அழுதேன்.

தவணை முடிந்து வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நின்றோம். என் கணவரின் கச்சை ஆஸ்பர்ட்டின் இடுப்பில் இருந்தது. சாட்சி காட்டத்தான் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"இந்த ஆள் படுக்கையை விட்டு எழுந்ததை நீ பாத்தியா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லைங்கய்யா. என் கண்ணு முழுக்கச் சேறு."

"சேறா? என்ன சேறு?"

"எங்க ஊர்ச் சேறுங்கய்யா. எனக்கு இந்த வழக்கே வேண்டாம், விட்டுடறேன்."

புல்வெளி எங்களுக்கே நின்றது; பாதியில் கைவிட்டதற்கு அவனுக்கு அபராதம் போட்டார்கள். முணுமுணுக்காமல் ஒப்புக்கொண்டான்.

வாசலில் கச்சையை அவிழ்த்துத் தர்ஸ்டனிடம் நீட்டினான். "கழுவிட்டேன்" என்றான். இன்னொரு கையால் நழுவும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வருஷம் திட்டிய அதே வாயால் சொன்னேன்: "நீயே கட்டிக்கோ தம்பி. ஊர் வரைக்கும் சேந்து நடக்கணும்ல."